மாட்டு மருந்துக் கடையில் இருந்தவள் நாய், பூனை, மாடு பற்றி எழுதிச் சம்பாதிக்க முடியுமா?

முள்ளியாற்றங்கரை (அக்டோபர், கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். மன்னார்குடியில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் 5 வருடம் கவுண்டரில் இருந்தேன். பிள்ளை பிறந்த பிறகு போக முடியவில்லை. வீட்டில் இருந்தபடியே பிராணிகளைப் பற்றி எழுதி ஏதாவது சம்பாதிக்க வழி உண்டா?

எழுதவே தெரியாது என்றில்லை. எங்கள் தெரு மணியைப் பற்றி (நாய்தான்) ஃபேஸ்புக்கில் எழுதியதை 400 பேர் பகிர்ந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு இணையதளக்காரர் கூப்பிட்டார். முதல் பத்துக் கட்டுரை சும்மா கொடுங்கள், பெயர் வந்ததும் காசு என்றார். நாய்க்குட்டிக்கு என்ன கொடுக்கலாம், பூனை ஏன் குழந்தை மாதிரி அழுகிறது, கோடையில் கோழி என்று ஆறு எழுதிக் கொடுத்தேன். எதிலும் என் பெயர் இல்லை. இப்போது அந்தத் தளமே திறக்கவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி 11 மணிக்கு நான் செல்போனில் தட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ஆங்கிலம் படித்தால் புரியும், எழுதத்தான் நேரமாகும். யார் காசு கொடுக்கிறார்கள்? எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது? தமிழில் எழுதினால் இதற்குக் காசு உண்டா இல்லையா? தெரிந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

வடவாறு73

உள்ளதைக் கேட்டதால் சொல்கிறேன். தமிழுக்கு ஒரு வார்த்தை 20 பைசா என்று என்னிடமே பேரம் பேசியிருக்கிறார்கள். ஆயிரம் வார்த்தைக்கு 200 ரூபாய். நடவுக்குப் போனால் அதைவிடக் கிடைக்கும், மத்தியானம் வீட்டுக்கும் வந்துவிடலாம். இப்போது அதுவும் போய், "ஏஐ எழுதிவிட்டது, நீங்கள் தமிழை மட்டும் சரிபாருங்கள், கட்டுரைக்கு 50" என்கிறார்கள். பேசாமல் டியூஷன் எடுங்கள்.

பழைய பால் சொசைட்டி

தங்கச்சி, வடவாறு அண்ணன் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது 'நாய்க்குட்டிக்கு என்ன கொடுக்கலாம்' கட்டுரையின் விலை. அதை யாரும் எழுதலாம், மெஷினும் எழுதலாம். அதனால்தான் 20 பைசா. கவுண்டருக்கு உள்பக்கம் 5 வருடம் நின்றவருக்கு அந்தக் கட்டுரை எதற்கு?

என் கதையைச் சொல்கிறேன். குடவாசல் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் 11 வருடம் செயலாளர். எட்டு வருடமாக எழுதுகிறேன். முதல் இரண்டு வருடம் நாயை எப்படிக் குளிப்பாட்டுவது என்றுதான் எழுதினேன். நான் நாய் வளர்த்ததே இல்லை. உருப்படியான முதல் காசு, நம் டெல்டா நாட்டு மாட்டினமான உம்பளச்சேரிக் கன்று ஒன்றால் வந்தது. எங்கள் வீட்டுப் பசு ஈன்ற கன்று செம்பழுப்பாக, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு நின்றது. சென்னையிலிருந்து வந்த மைத்துனர் தாயையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது இந்த மாட்டுக் கன்றுதானா?" என்றார். ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் அந்தச் செம்மை சாம்பலாக மாறிவிடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்தேன். நிறம் மாறுவது, காளைக்குக் கொம்பை எடுத்து மொட்டை மாடு என்று பெயர் வைப்பது, சேற்று வயலில் அது எப்படி உழும் என்பது, டிராக்டர் வந்த பிறகு யார் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்பது. மருமகள் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தாள். ஒரு ஆங்கில இதழ் 4,500 ரூபாய் கொடுத்தது. மைத்துனருக்கு நான் பங்கு கொடுக்கவில்லை.

யார் காசு கொடுப்பார்கள் என்றால், நல்ல எழுத்தைத் தேடுகிறவரைவிட, விற்க ஏதாவது வைத்திருக்கிறவர்தான் சீக்கிரம் கொடுப்பார். ஆன்லைனில் செல்லப்பிராணிப் பொருள் விற்கும் ஹெட்ஸ் அப் ஃபார் டெய்ல்ஸ், சூப்பர்டெய்ல்ஸ் எல்லாரும் வலைப்பக்கம் வைத்திருக்கிறார்கள். தீவனம், தாது உப்புக் கலவை விற்கிறவர்களுக்குத் தமிழில் துண்டுப்பிரசுரம் வேண்டும். அவர்கள் அச்சடித்து வைத்திருக்கும் தமிழைப் பார்த்தால் உங்களுக்கே வேலை இருப்பது தெரியும். ஒரு பூனைத் தீவனப் பையில் 'பூனைக்கு உலர் உணவு' என்று போடாமல் 'உலர்ந்த பூனைக்கு உணவு' என்று போட்டிருந்தார்கள். பாவம் பூனை. அந்தப் பையைப் படம் எடுத்து, சரியான தமிழையும் எழுதி அனுப்பினேன். ஒரு வருடம் மொழிபெயர்ப்பு வேலை வந்தது.

இதழ்கள் வேறு ரகம். தமிழில் பசுமை விகடன் மாதிரி வேளாண் இதழ்கள், நாளிதழ் இணைப்புகள். சன்மானம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ஆனால் அச்சில் வந்த பெயரை அடுத்தவரிடம் காட்டலாம். ஆங்கிலத்தில் சுற்றுச்சூழல் செய்தித் தளமான மோங்காபே இந்தியா, கிராமத்து வாழ்க்கையை எழுதும் பாரி (PARI) போன்றவை வெளியாட்களிடமிருந்து யோசனை வாங்குகின்றன. அவர்களுக்கு வளர்ப்புக் குறிப்பு வேண்டாம், மனிதரும் மிருகமும் சேர்ந்த செய்தி வேண்டும். அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரத்திலிருந்து கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) ஆட்டை ஓட்டி வந்து எருவுக்காக ராத்திரி நம் வயலில் கிடை போடுகிறார்களே, ஒரு ராத்திரிக்கு என்ன கூலி, தண்ணீர் எங்கே காட்டுகிறார்கள், குட்டியை எந்தக் கூடையில் அடைக்கிறார்கள். நமக்கு அது பழகின காட்சி, டெல்லியில் இருக்கும் ஆசிரியருக்குச் செய்தி. காரைக்கால் வானொலியையும் விடாதீர்கள். வானொலியில் பேச்சுக்குத் தொகை உண்டு, சின்னதுதான். அமெரிக்காவில் 1935லேயே நாய் எழுத்தாளர்களுக்கென்று சங்கம் வைத்துவிட்டார்கள். பூனைக்காரர்கள் 1992இல் வைத்தார்கள். நாம் இன்னும் 20 பைசாவில் நிற்கிறோம்.

காசு விஷயம். சும்மா மாதிரிக் கட்டுரை கேட்டால், ஃபேஸ்புக்கில் எழுதியதையே அனுப்புங்கள், புதிதாக எழுதாதீர்கள். பதிவுக் கட்டணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். வார்த்தைக் கணக்கு பேசாமல் கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எத்தனை நாளில் பணம், எத்தனை தடவை திருத்தித் தருவது, இரண்டையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது காற்றோடு போகும். பான் கார்டும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும். கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் பதறாதீர்கள், வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுப் பணத்துக்கு இல்லை, வெளிநாட்டிலிருந்து வருவதற்கு மட்டும்தான். அமெரிக்கக்காரர் கொடுத்தால் டபிள்யூ-8பென் என்று ஒரு வரிப் படிவம் கேட்பார், அது வழக்கம்தான்.

அப்புறம் உரிமை. 'எல்லா உரிமையும் எங்களுக்கே' என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கும், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமையை எழுத்தில்தான் கொடுக்க முடியும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இது தெரியாமல் ஒரு இடத்தில் 12 கட்டுரை விட்டேன். அதில் பாதி இன்றைக்கும் வேறு யாரோ பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். கவுண்டரில் நின்றபோது எந்த நாள் கூட்டம் அதிகம்? அதை எழுதுங்கள்.

உப்பளக்காற்று

வேதாரண்யம் பக்கம் படம் எடுப்பவன். எழுத்தோடு படமும் கொடுத்தால் படத்துக்குத் தனியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரே காசில் சேர்த்து முடித்துவிடுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கோடியக்கரையில் வெளிமானும் குதிரையும் செத்துக் கிடந்ததை எடுத்தேன். வாட்ஸ்அப்பில் போன படம் எங்கெங்கோ வந்தது, பெயரும் இல்லை, காசும் இல்லை. அன்றைக்கு அதைக் கேட்கவும் மனசு வரவில்லை.

இன்னொன்று. பச்சைக்கிளி வளர்ப்பது எப்படி என்று எழுதச் சொல்லி வருவார்கள், எழுதாதீர்கள். வனவுயிர்ச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான்.

ஊசி_டாக்டர்

ஒரத்தநாட்டில் படித்த கால்நடை மருத்துவன். மருந்து அளவு எழுதாதீர்கள், நீங்கள் கடையில் இருந்தவர் என்பதால் கூடுதலாகச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு பூனைக்கு வீட்டில் காய்ச்சல் என்று பாதி பாராசிட்டமால் கொடுத்திருந்தார்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. ஈறு சாக்லேட் நிறத்துக்குப் போயிருந்தது. பிழைக்கவில்லை. அது எங்கேயோ படித்துவிட்டுச் செய்ததாம். நோய் பற்றி எழுதினால் ஒரு டாக்டரிடம் காட்டி, அவர் பெயரையும் போடுங்கள். காசு கொடுக்கும் இடங்கள் அதைத்தான் முதலில் கேட்கும். எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன், ஞாயிறு மட்டும்.

முள்ளியாற்றங்கரை (இரண்டு வாரம் கழித்து)

அண்ணா, கூட்டம் அதிகமான நாள் எது என்று கேட்டீர்களே, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். இதழுக்கு எழுதிய கடிதத்தைக் கீழே போடுகிறேன், திருத்துங்கள்.

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, பொங்கல் தமிழர்களின் பாரம்பரியத் திருநாள். கால்நடைகள் விவசாயிகளின் முதுகெலும்பு. அத்தகைய கால்நடைகளின் ஆரோக்கியம் குறித்து விழிப்புணர்வுக் கட்டுரை ஒன்று எழுத விரும்புகிறேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் கடையில் சோடா உப்பு தீர்ந்துவிடும்…"

பழைய பால் சொசைட்டி

முதல் மூன்று வரியையும் அடியுங்கள். பொங்கல் திருநாள் என்பது ஆசிரியருக்குத் தெரியும். சோடா உப்பில் ஆரம்பியுங்கள். யார் வந்தார், என்ன சொன்னார்?

முள்ளியாற்றங்கரை

சரி, இது எப்படி?

"மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை ஆறரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் எட்டுப் பேர் நிற்பார்கள். யாரும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள். ஒரு பெரியவர் புது வேட்டியில் மஞ்சள் கறை கூடப் போகாமல் வந்து, 'ஆசையாகக் கொடுத்தேன்மா, ஒரு மரக்கால் பொங்கல், தின்றுவிட்டது, ராத்திரியிலிருந்து அசைபோடவில்லை' என்றார். பத்து மணிக்குள் சோடா உப்பு தீர்ந்துவிடும். ஆசையாகக் கொடுத்த சோறு மாட்டின் வயிற்றில் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் ஆபத்தில்லை, எந்த அறிகுறிக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று 800 வார்த்தையில் எழுதித் தருகிறேன். கால்நடை மருத்துவர் ஒருவர் சரிபார்ப்பார். மார்கழிக்குள் தந்துவிடுவேன்."

ஊசி_டாக்டர்

இதற்கு நானே காசு கொடுப்பேன். உள்ளே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெந்த சோறும் வெல்லமும் முதல் வயிற்றில் மளமளவென்று புளிக்கும், அமிலம் ஏறும், வைக்கோலைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மாடு அசைபோடாது, சாணி தண்ணீராகப் போகும், முற்றினால் படுத்துவிடும். சோடா உப்பு அந்த அமிலத்தை முறிக்கத்தான். சோடா உப்பின் அளவை எழுதாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

பழைய பால் சொசைட்டி

'யாரும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள்' என்று எழுதினீர்களே, அந்த வரியை யாராவது வெட்டச் சொன்னால் வெட்டாதீர்கள். இன்றைக்கே அனுப்புங்கள். பொங்கல் இதழை டிசம்பரிலேயே கட்டிவிடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு அடுத்த இடம்.

முள்ளியாற்றங்கரை (ஜனவரி கடைசி)

தாமதத்துக்கு மன்னிக்கவும், பிள்ளைக்குச் சளி. முதல் இதழிலிருந்து பதிலே இல்லை. இரண்டாவது இடம் எடுத்துக்கொண்டார்கள். 1,200 ரூபாய், பெயரோடு. பணம் இன்னும் வரவில்லை, தை முடிவதற்குள் என்று மின்னஞ்சலில் சொல்லியிருக்கிறார்கள் (எழுத்தில் வாங்கிவிட்டேன் அண்ணா). கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் பழைய முதலாளி கூப்பிட்டு, கடைக்கு அதையே துண்டுப்பிரசுரமாகக் கேட்டார். 600 ரூபாய், கையில் கொடுத்துவிட்டார். கோழிக் கழிச்சலுக்கும் மழைக்காலக் குளம்பு நோய்க்கும் இரண்டு எழுதச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சார் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கடைக்குப் போய்ப் பார்த்தேன். பதினோரு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் கையில் என் துண்டுப்பிரசுரம் இருந்தது. அதில் வெற்றிலையை மடித்து வைத்திருந்தார்.