வாஷிங் மெஷின் கதவு ரப்பரை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

பல்லடத்திலிருந்து:

எங்கள் வீட்டு ஃபிரண்ட் லோடு மெஷினுக்கு ஆறு வயது. போன ஐப்பசியில் ஒரு நாள் துணி போட்டுவிட்டு வந்து பார்த்தால், மெஷினுக்கு முன்னால் ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. மழைச்சாரல் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். மறுநாளும் அதே இடத்தில் தண்ணீர். சரி, பார்த்துவிடுவோம் என்று முக்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். தண்ணீர் நிரம்பும்வரை ஒன்றுமில்லை. டிரம் சுற்ற ஆரம்பித்ததும், கடிகாரத்தில் ஐந்து மணி இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. டிரம் நின்றால் சொட்டும் நின்றது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரப்பர் மடிப்பை விரலால் புரட்டினேன். வழவழவென்று சாம்பல் நிற அழுக்கு, முடிக்கற்றை, அதற்கடியில் துருப்பிடித்த ஊக்கு. பையன் பள்ளிச் சட்டையில் பேட்ஜ் குத்துகிற ஊக்குதான் அது. அது கிடந்த இடத்தில் அரை விரல் நீளத்துக்குக் கிழிசல்.

முதலில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் பசையை வைத்து ஒட்டினேன். மூன்று துவைப்பு தாங்கியது. அந்த மடிப்பு டிரம் ஆடும்போதெல்லாம் நீண்டு சுருங்குகிற இடம், ஒட்டு எப்படி நிற்கும்? மெக்கானிக்கைக் கேட்டால் ரப்பரும் கூலியும் சேர்த்து 4,500 ரூபாய் என்றார். கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் ரப்பர் மட்டும் 1,600. கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் நம்பரை முழுதாகப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் மேசையில் எடுத்து வைத்த இரண்டு ரப்பரும் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. உள்விளிம்பின் அகலத்தில்தான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயை அடைத்துவிட்டு ஆரம்பித்தேன். ரப்பரின் வெளி உதட்டைச் சுற்றி ஒரு கம்பி வளையம், அதன் அடியில் சுண்டுவிரல் நீள ஸ்பிரிங். தட்டை ஸ்க்ரூ டிரைவரால் ஸ்பிரிங்கை நெம்பினால் வளையம் கழன்றுவிடும். உள்பக்கம் டப்போடு (டிரம்மைச் சுற்றியிருக்கும் தண்ணீர்த் தொட்டி) பிடித்திருக்கும் இரண்டாவது வளையம்தான் வேலை வாங்கும். என் மெஷினில் மேல்மூடி, சோப்பு டிராயர், கதவு லாக், முன் தகடு எல்லாவற்றையும் கழற்றிய பிறகே அதற்குக் கை எட்டியது. சில மாடல்களில் மேல்மூடியைத் திறந்தாலே போதும். ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் போனில் படம் எடுத்தேன். திருகுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டேன், நீளம் வேறு வேறு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்த அத்தைக்கு வெசனம். "ஏனம்மணி, அத்தனையும் கழட்டிப் போட்டுட்டயே, மறுக்கா மாட்டிருவயா?" என்றார்.

"மாட்டிரலாமுங்க அத்தை."

பழைய ரப்பர் கழன்று வந்த பிறகு டப்பின் விளிம்பைப் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதன்மேல் புது ரப்பரை மாட்டினால் அதுவும் கசியத்தானே செய்யும்? பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் அரைமணி நேரம் தேய்த்தேன். விரல் வழுக்கும்வரை விடவில்லை.

புது ரப்பரின் உச்சியில் ஒரு சிறு முக்கோணக் குறி உண்டு. டப்பின் உச்சியிலும் ஒரு குறி. இரண்டும் நேராக நிற்க வேண்டும். உள் உதட்டில் பாத்திர சோப்புக் கரைசலைத் தடவியதும் சுலபமாக ஏறியது. உள் வளையம் போட்டு, தகட்டை மாட்டி, கடைசியில் அந்த வெளி வளையம். மேலே பொருத்தினால் கீழே நழுவியது, கீழே இழுத்தால் மேலே எழும்பியது. முக்கால் மணி நேரம் அதோடு போராடினேன். விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஊறுகாச் சாடிக்கு வேடு கட்டற மாதிரிதான அம்மணி. மேல நான் புடிச்சுக்கறேன், நீ கீழ இழு." மேல்பக்கத்தை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டு பக்கமும் வளையத்தைப் பள்ளத்தில் அழுத்திக்கொண்டே இறங்கி, நோஸ் பிளையரால் ஸ்பிரிங்கை இழுத்தேன். 'டக்' என்று உட்கார்ந்தது. ஐம்பது வருடமாக மாங்காய் ஊறுகாய்ச் சாடியின் வாயைத் துணியால் மூடி வேடு கட்டிய கை அது.

துணியும் பவுடரும் போடாமல் ஒரு முறை அலச விட்டு, கீழே தினத்தாளை விரித்து வைத்தோம். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

கோவையிலிருந்து:

அக்கா, ரப்பர் வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் இதையும் பார்த்துவிடுங்கள். எனக்கும் கதவோரம் கசிந்தது, ஆனால் ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. வாடகை வீட்டில் போர் தண்ணீர், புது வீட்டில் சிறுவாணி. சிறுவாணித் தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்கும். நான் பழைய கணக்கிலேயே பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். நுரை பொங்கித்தான் கதவு வழியாக வந்தது. பவுடரைப் பாதியாகக் குறைத்தேன். கண்ணாடியின் விளிம்பில் படிந்திருந்த பழைய உப்பையும் ஈரத்துணியால் துடைத்தேன். கசிவு நின்றுவிட்டது.

திருப்பூரிலிருந்து:

முக்கோணக் குறியைப் பற்றிச் சொன்னீர்களே, அதை நான் கவனிக்கவில்லை. ரப்பர் மடிப்பின் அடியில் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். தேங்குகிற தண்ணீர் அது வழியாகத்தான் டப்புக்குள் இறங்கும். நான் மாட்டியதில் துளைகள் ஒரு சாண் தள்ளிப் போய்விட்டன. கசியவில்லை, ஆனால் மடிப்பில் எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றது. இரண்டே வாரத்தில் துவைத்த துணியிலும் வாடை. மறுபடி அத்தனையும் கழற்றித் திருப்பி மாட்டினேன். நாங்கள் பனியன் துணி அதிகம் துவைக்கிற வீடு. பஞ்சு அந்தத் துளைகளை அடைக்காமல் வாரம் ஒருமுறை துடைக்கிறோம்.

ஈரோட்டிலிருந்து:

நான் இந்த வேலையில் இருப்பவன். ஊக்கு, நாணயம் எதுவும் சிக்காமல் ரப்பர் கிழிந்திருந்தால் டிரம்மைப் பாருங்கள். வெறும் டிரம்மைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் அடியிலிருக்கும் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்பின் ஆகும்போது டிரம் நிலைகொள்ளாமல் ரப்பரில் உரசும். அதைச் சரிசெய்யாமல் ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு, மூன்றே மாதத்தில் மறுபடி கூப்பிட்டவர்கள் உண்டு.

மீண்டும் பல்லடத்திலிருந்து:

ஈரோட்டு அண்ணா, படித்தவுடன் போய் அழுத்திப் பார்த்துவிட்டேனுங்க. ஒரு முறை எழும்பியது, நின்றுவிட்டது. இப்போது துணி போடும் முன்னால் பாக்கெட்டையும் பேட்ஜையும் பார்ப்பது அத்தையின் வேலை. ஊக்குகளைப் போட்டு வைக்க மெஷின் மேலேயே ஒரு சிறு ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறார்.