இசையமைப்பு வகுப்பில் விதி எவ்வளவு, சுதந்திரம் எவ்வளவு? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

இரண்டு குரல்களுக்கு எழுதும்போது பேரலல் ஃபிஃப்த், அதாவது இரண்டும் ச–ப இடைவெளியிலேயே சேர்ந்து நகர்வது, வரக்கூடாது என்று எல்லோரும்தான் சொல்லித்தருகிறோம். ச–ப சேர்ந்து ஒலித்த கையோடு ரி–த வந்தால் சிவப்பு மையில் ஒரு சுழி. என் மாணவி ஒருத்தி பியானோவுக்கு எழுதிக்கொண்டு வந்ததில் தொடக்கத்திலும் நடுவிலும் அது இருந்தது.

நான் சுழிக்கவில்லை. அவள் எழுதியபடியே ஒருமுறை வாசித்தேன். பிறகு கீழ்க்குரலை எதிர்த்திசையில் நகர்த்தி வாசித்தேன். என்ன கேட்கிறது என்றேன். “முதல்ல ரெண்டு பேர் பாடுற மாதிரியே இல்லை சார், ஒரே குரல் கனமா கேட்குது” என்றாள். அந்த விதி வந்த காரணமே அதுதான். ச–ப அதிர்வெண்கள் 2:3 விகிதத்தில் இருப்பவை. அவ்வளவு ஒட்டிப்போகிற இரண்டு ஸ்வரங்கள் அதே இடைவெளியில் சேர்ந்தே நகர்ந்தால், காது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை.

“அப்போ ஒரே குரலா கேட்கணும்னா வெச்சுக்கலாமா?” என்று அவளே கேட்டாள். நடுவில் இரண்டு குரல்களும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் இடம், அதைத் திருத்தினாள். தொடக்கம் அகலமாகவும் வெறுமையாகவும் ஒலிக்க வேண்டும் என்று அப்படியே விட்டாள். இரண்டுமே சரியான முடிவுகள். அதற்கப்புறம்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி 1910இல் வெளியிட்ட ‘மூழ்கிய தேவாலயம்’ பியானோ இசையைக் கேட்கவைத்தேன். அதில் ஃபிஃப்த்கள் வரிசையாக நகரும். முன்னாலேயே கேட்கவைத்திருந்தால் ‘பெரியவர்களே செய்கிறார்கள்’ என்பதோடு யோசனை நின்றிருக்கும்.

ஒரு குரலுக்கு எதிராக இன்னொரு குரலை எழுதும் கலையான கவுண்டர்பாயிண்டை ஐந்து படிகளாகப் பிரித்து ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃபக்ஸ் 1725இல் வெளியிட்ட நூலை இன்றும் பயன்படுத்துகிறோம். இசையமைப்பாளர் ஹைடன் தானாகவே உட்கார்ந்து அதில் பயின்றவர். முதல் படியில் ஒரு ஸ்வரத்துக்கு எதிராக ஒரே ஒரு ஸ்வரம். ஐந்தாவது படியில்தான் எல்லா நடைகளையும் கலக்கலாம். அருமையான வரிசை, எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் ஐந்தாம் படி வரும்வரை மாணவர் சொந்தமாக எதுவும் எழுதக்கூடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் வாரத்திலிருந்தே இரண்டு நோட்டு வைக்கச் சொல்கிறேன். ஒன்றில் பயிற்சி, அதில் விதி கறார். இன்னொன்றில் அவர்கள் விருப்பம். கேட்டால் ஒழிய அதில் நான் கை வைப்பதில்லை. உங்கள் வகுப்பில் எப்படி?

*

உங்கள் இரண்டாவது நோட்டு என்னிடம் ஒரு பையனுக்குக் காலியாகவே இருந்தது. திறமையில் குறைச்சல் இல்லை. ‘உனக்குப் பிடித்ததை எழுது’ என்பதுதான் அவனை உறையவைத்தது. எதை எழுதினாலும் இதைவிட நல்லது ஒன்று இருக்குமே என்று அழித்துக்கொண்டே இருந்தான்.

அதனால் கதவுகளைச் சாத்தினேன். ச, ரி, ப மூன்று மட்டும். எட்டு பார் (தாளக் கட்டம்). கார்ட் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) கிடையாது. மூன்று ஸ்வரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று முனகிவிட்டுப் போனவன், அடுத்த வகுப்புக்குப் பக்கம் நிறைய எழுதி வந்தான். ஸ்வரம் குறைந்ததும் அவன் கவனம் மற்றதன் மேல் போயிருந்தது: எதை நீட்டுவது, எங்கே நிறுத்துவது, எந்த ஸ்தாயியில் வைப்பது, எதைத் திரும்பச் சொல்வது. ஐந்தாவது பாரில் முழு மௌனம் வைத்திருந்தான். அவ்வளவு நீள மௌனத்தை அதுவரை என் மாணவர் யாரும் துணிந்து எழுதியதில்லை.

இந்த மூன்று ஸ்வரக் கட்டுப்பாடு ஃபக்ஸ் விதி மாதிரி அல்ல. அந்த ஒரு துண்டுக்காக நாம் போட்டுக்கொள்கிற எல்லை, முடிந்ததும் தூக்கிப்போட்டுவிடலாம். இந்த வேறுபாட்டை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ‘க, ம எழுதக்கூடாது’ என்பதையும் இலக்கணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

*

இரண்டு அனுபவங்களுமே பயன்பட்டன, நன்றி. என்னுடையது சின்னது. தவறு எதைச் சுட்டினாலும் ‘அது என் ஸ்டைல்’ என்று சொல்லும் மாணவர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. அந்த வரியைப் பாடிக்காட்டச் சொல்வேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டு, அவரவர் குரலில். சரியாகப் பாடினால் மனதில் கேட்டு எழுதியது, அதைத் தொடமாட்டேன். தடுமாறினால் பெரும்பாலும் மவுஸில் இழுத்து வைத்த ஸ்வரமாக இருக்கும். அப்போது எதைப் பாட வருகிறதோ அதையே எழுதச் சொல்வேன்.