பிக்கப்பில் இவாப் கோடு, அழித்தாலும் திரும்ப வருகிறது. அவசர உதவி!

மண்சாலை:
வணக்கம் நண்பர்களே. என் பிக்கப்பில் செக் எஞ்சின் விளக்கு போகவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனரைப் போட்டால் இவாப் கோடு, அதாவது பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடிக்கும் அமைப்பின் பிழை எண், காட்டுகிறது. அழித்தால் சில நாள் சும்மா இருக்கும், அப்புறம் மறுபடி எரியும். டேங்க் மூடியை மாற்றிவிட்டேன், பலனில்லை. மாசுச் சோதனைக்கு வண்டியைக் காட்ட வேண்டிய தேதி நெருங்குகிறது. அடுத்து எந்தப் பார்ட்டை மாற்றலாம்?

எண்ணெய்க்கறை:
கோடு எண் என்ன? இவாப்பில் மட்டும் ஏகப்பட்டது இருக்கிறது. பி0441 என்றால் ஆவி ஓட்டம் சரியில்லை, பி0442 சின்னக் கசிவு, பி0455 பெரிய கசிவு, பி0456 மிகச் சின்னக் கசிவு. எந்த ஆண்டு வண்டி, எந்த எஞ்சின், கோடு பதிவானபோது டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்றும் சொல்லுங்கள்.

டிரக்தோழன்:
என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு தடவை மூடிதான். கம்பெனி மூடி போட்டீர்களா, கடையில் கிடைத்த ஏதோ ஒன்றா? பெட்ரோல் ஊற்றும் குழாயின் வாயில் துரு இருந்தால் புது மூடியும் சரியாக உட்காராது. விளிம்பைத் துடைத்துவிட்டு விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்.

ஸ்பேனர்மாஸ்டர்:
எண்ணைக்கூடச் சொல்லாமல் எந்தப் பார்ட் என்று கேட்பவர்களுக்குப் பதில் எழுதியே அலுத்துவிட்டது. தம்பி, கோடு என்பது பார்ட்டின் பெயர் இல்லை. எந்தச் சோதனை தேறவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி கேனிஸ்டர் என்ற டப்பாவில் உள்ள கரியில் தங்கும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை உள்ளே இழுத்து எரிக்கும். கேனிஸ்டருக்கு வெளிக்காற்று விடுவது வென்ட் வால்வு. இந்த மொத்த அமைப்பையும் மூடிவிட்டு, அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கிறது. நிற்கவில்லை என்றால் கோடு. முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள், பார்ட் வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

மண்சாலை:
பி0455. 2012 மாடல், வி6 பெட்ரோல். டேங்க் பாதிக்கு மேல் இருந்திருக்கும். மூடி கம்பெனி மூடிதான், வாயில் துரு இல்லை.

கரடுமுரடு:
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பல பிக்கப்களில் கேனிஸ்டரும் வென்ட் வால்வும் அங்கேதான் இருக்கும். மண் பாதையில் ஓடும் வண்டி என்றால் புழுதி போய் வென்ட் வால்வு அடைத்துக்கொள்ளும், முழுசாக மூடவும் மூடாது. பெட்ரோல் போடும்போது பங்க்கின் துப்பாக்கி அடிக்கடி தானாக நின்றுவிடுகிறதா? அப்படியானால் வென்ட் பக்கம் அடைப்பு என்று சந்தேகப்படலாம். கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

எண்ணெய்க்கறை:
கம்ப்ரசர் வேண்டாம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த அமைப்பு ஒரு பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில் வேலை செய்வது. கடைக் கம்ப்ரசரைத் திறந்தால் டேங்க் அழுத்த சென்சார் போகும், நல்ல சீல்களும் பிய்யும். பெட்ரோல் ஆவியோடு காற்றைக் கலப்பதே தீ ஆபத்து. ஸ்மோக் மெஷின் உள்ள கடைக்குப் போங்கள், நைட்ரஜனில் குறைந்த அழுத்தத்தில் புகை விட்டுப் பார்ப்பார்கள்.

கரடுமுரடு:
ரெகுலேட்டர் வைத்து லேசாகத்தான் விடச் சொன்னேன்.

ஸ்பேனர்மாஸ்டர்:
ரெகுலேட்டர் என்ற சொல்லே உங்கள் பதிவில் இல்லை. இதைப் படித்துவிட்டு யாராவது நேராக ஹோஸை மாட்டினால் என்ன ஆகும்?

டிரக்தோழன்:
இன்னொன்றும் கேட்க வேண்டும். துப்பாக்கி நின்ற பிறகும் சில்லறை சரிக்கட்டக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிற பழக்கம் உண்டா? திரவப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் கரி ஊறிக் கெட்டுவிடும்.

கரடுமுரடு:
நான் வருஷக்கணக்கில் கழுத்துவரை நிரப்புகிறேன். ஒரு கோடும் வந்ததில்லை.

டிரக்தோழன்:
உங்களுக்கு வரவில்லை, சந்தோஷம். அதற்காக அது நல்ல பழக்கம் ஆகிவிடாது. டேங்கின் மேல்பகுதியில் காலி இடம் விட்டிருப்பதே ஆவிக்காகத்தான். அதையும் நிரப்பினால் மிச்சம் ஆவிக்குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குத்தான் போகும்.

கரடுமுரடு:
பழைய வண்டிகளுக்கு இதெல்லாம் இல்லாமலே ஓடவில்லையா? இப்போது ஒரு மூடி சரியில்லை என்றால்கூட விளக்கு எரிகிறது. அரை மில்லிமீட்டர் ஓட்டையைத் தேடி யாருக்கு என்ன லாபம்?

டிரக்தோழன்:
வண்டி சும்மா வெயிலில் நின்றாலே டேங்கிலிருந்து ஆவி வெளியேறும். அந்த ஹைட்ரோகார்பன்தான் நைட்ரஜன் ஆக்சைடோடு சூரிய ஒளியில் சேர்ந்து தரைமட்ட ஓசோன் ஆகிறது. மூச்சுக்கோளாறு உள்ளவர் வீட்டில் இருந்தால் இதன் அருமை தெரியும்.

மண்சாலை:
எல்லாருக்கும் நன்றி. துப்பாக்கி நிற்பதில்லை, ஒழுங்காகவே நிரம்புகிறது. சோதனைக்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் சமாளித்துவிட முடியுமா? பேட்டரியும் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பெட்ரோல் போட்டு முடித்ததும் ஸ்டார்ட் ஆக மட்டும் இழுக்கிறது, மற்ற நேரம் சரியாக இருக்கிறது.

எண்ணெய்க்கறை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சம்! பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் இழுக்கிறது என்றால் அது பேட்டரி இல்லை. பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன். நிரப்பும்போது டேங்கில் ஆவி நிறையக் கிளம்பும். திறந்த வால்வு வழியாக அது நேராக எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்குக்குப் போய், பெட்ரோல் அதிகமாகிக் கலவை கெட்டியாகும், எஞ்சின் பிடிக்காது. கசிவுச் சோதனையின்போதும் அதே திறப்பைத்தான் சில வண்டிகளின் கம்ப்யூட்டர் பெரிய ஓட்டை என்று பதிவு செய்யும்.

இப்படிப் பாருங்கள். எஞ்சினை ஐடிலில் விட்டு, பர்ஜ் வால்வின் எலக்ட்ரிக் கனெக்டரைக் கழற்றுங்கள். மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். கேனிஸ்டரிலிருந்து வரும் குழாயை வால்விலிருந்து பிரித்து, வால்வின் வாயில் விரல் வையுங்கள். இழுப்பு தெரிந்தால் வால்வு போய்விட்டது. டிக் டிக் என்று சத்தம் வருவதை நம்பாதீர்கள், சத்தம் போட்டுக்கொண்டே கசியும் வால்வும் உண்டு. சூடான பாகங்களிலிருந்து கை தள்ளியே இருக்கட்டும்.

ஸ்பேனர்மாஸ்டர்:
பேட்டரி வயரைக் கழற்றுவது உதவாது. கோடோடு சேர்ந்து மானிட்டர்களும், அதாவது கம்ப்யூட்டர் தானே செய்து பார்க்கும் சோதனைகளின் முடிவுகளும், அழிந்துவிடும், சோதனை முடியவில்லை என்றே கருவி காட்டும். பல இடங்களில் அப்படி வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். இவாப் மானிட்டர்தான் பெரும்பாலும் கடைசியாக முடிவது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், டேங்க் ரொம்பக் காலியாகவோ முழுசாகவோ இருக்கக்கூடாது. பல வண்டிகளில் சுமார் 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சோதனையே தொடங்கும். எண்ணெய்க்கறை சொன்ன விரல் சோதனை சரியானது, அதைச் செய்யுங்கள்.

கரடுமுரடு:
நான் இன்னும் வென்ட் வால்வு என்றுதான் சொல்வேன்.

மண்சாலை:
விரலில் நல்ல இழுப்பு இருந்தது. பர்ஜ் வால்வை மாற்றியாச்சு. பெட்ரோல் போட்டதும் முதல் சாவியிலேயே பிடிக்கிறது. விளக்கு வரவில்லை, இவாப் மானிட்டரும் முடிந்தது என்று ஸ்கேனர் காட்டுகிறது. நன்றி.

எண்ணெய்க்கறை:
நல்லது. பழைய வால்வைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் ஒரு வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். கறுப்புத் துகள் உதிர்ந்தால் கேனிஸ்டர் உள்ளே கரி உடைந்து வருகிறது என்று அர்த்தம். அந்தத் துகள்தான் வால்வின் வாயில் மாட்டி அதை மூடவிடாமல் செய்யும். அப்படியிருந்தால் கேனிஸ்டரையும் மாற்றி, இடையிலுள்ள குழாயை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் புது வால்வும் அதே வழியில் போகும். துகள் இருந்ததா?

டிரக்தோழன்:
எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. மண்சாலை, பார்த்தால் எழுதுங்கள்.