வயர் தின்னும் வோல்ற்: கிணற்றடி மோட்டர் அனுபவங்கள்

விசுவமடுவிலிருந்து:

வயறிங் வேலைதான் எனக்குத் தொழில். போன சிறுபோகத்தில் ஒரு தோட்டக்கார ஐயா கூப்பிட்டார். புது ஒரு குதிரைவலு மோட்டர், போட்ட நாளிலிருந்து உறுமுகிறதே தவிரச் சரியாகச் சுழலவில்லை. ஒரு மாதிரிக் கிளம்பினாலும் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. “தம்பி, கடைக்காரன் பழசுக்குப் பெயின்ற் அடிச்சுத் தந்திட்டான் போல” என்றார். மிளகாய்க் கன்று வாடுகிற நேரம், கோபம் வரத்தான் செய்யும்.

வீட்டு மீற்றரடியில் 228 வோல்ற். கிணற்றடியிலும் மோட்டரைப் போடாமல் பார்த்தால் அதே 228. இந்த இடத்தில்தான் பலர் “கரண்ட் சரி, மோட்டர்தான் பழுது” என்று முடிவுகட்டி விடுகிறார்கள். மோட்டரை ஓடவிட்டுப் பார்த்தேன். வீட்டடியில் 228, கிணற்றடியில் 196. வயரைக் கவ்விப் பிடித்து அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றர் 8 அம்பியர் காட்டியது. மோட்டரின் தகட்டில் எழுதியிருந்தது 5.5 அம்பியர்.

அப்புறம் கணக்குத்தான். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாற். இடையில் காணாமல்போன 32 வோல்ற்றை 8 ஆல் வகுத்தால் வயரின் தடை 4 ஓம். 32 ஐ 8 ஆல் பெருக்கினால் 256 வாற். நாலு அறுபது வாற் குண்டு பல்ப்பை வேலியோரம் பகலெல்லாம் எரியவிட்ட கணக்கு! வயரைப் பார்த்தால் 1/1.13, ஒரே கம்பி, விட்டம் 1.13 மில்லிமீற்றர், அதாவது குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீற்றர். லைற்றுக்குப் போடுகிற வயர். தூரம் 110 மீற்றர், போகவர 220. இந்த வயர் மீற்றருக்கு 0.018 ஓம் அளவில் வரும், பெருக்கிப் பாருங்கள், அதே 4 ஓம்தான். பூவரசங் கதியாலில் கட்டியிருந்த ஒரு மூட்டில் கறுப்பு ரேப் உருகி வழிந்திருந்தது. அந்த இடத்தில் கை வைக்க முடியாத சூடு.

7/0.85 இழுத்தோம், 0.85 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது, அது 4 சதுர மில்லிமீற்றர். தடை 1 ஓமுக்கு இறங்கியது. மோட்டர் 6 அம்பியர் எடுத்தது, கிணற்றடியில் 222 வோல்ற், வயரில் போனது 36 வாற் மட்டும். கடைக்காரர் பாவம், வீணாகப் பேச்சு வாங்கினார்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

அண்ணை, ஒரு கேள்வி. ஓமின் விதிப்படி வோல்ற் குறைந்தால் அம்பியரும் குறைய வேண்டுமே? உங்கள் மோட்டர் எப்படி 5.5 க்குப் பதில் 8 எடுத்தது? எங்கள் வீட்டில் பின்னேரம் எல்லாரும் லைற் போட்டால் வோல்ற் 190 க்கு இறங்கும். அப்போது கேத்தல் கொதிக்க நேரம் எடுக்குமே தவிர அம்பியர் கூடுவதில்லை.

முள்ளியவளையிலிருந்து:

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் இதற்கு நான் சொல்கிறேன். கேத்தல் வெறும் தடை. 2000 வாற் கேத்தல் 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் எடுக்கும், தடை 26.5 ஓம் அளவு. 190 இல் அது 7.2 அம்பியராக இறங்கும், வலு 1365 வாற்றுக்கு விழுந்துவிடும். வோல்ற் குறைந்தது ஆறில் ஒரு பங்கு, வலு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. வலு வோல்ற்றின் வர்க்கத்தோடு போவதால்தான் தேத்தண்ணி அவ்வளவு பிந்துகிறது.

மோட்டர் அப்படியல்ல. நின்ற மோட்டரின் சுருளை அளந்தால் மூன்று நாலு ஓம்தான் காட்டும். அதை வைத்து 230 ஐ வகுத்தால் அறுபது எழுபது அம்பியர் வரும். ஓடும்போது அப்படி இழுப்பதில்லை, ஏனென்றால் சுழற்சி சுருளில் ஒரு எதிர் வோல்ற்றை உண்டாக்குகிறது. வோல்ற் குறைந்தால் வேகம் தளரும், ஆனால் ஏற்ற வேண்டிய தண்ணீரின் பாரம் அவ்வளவாகக் குறையாது. அதனால் கூடுதலாக இழுக்கும், சூடேறும், சுருள் எரியும். 196 ஐ 8 ஆல் பெருக்கி “மோட்டர் 1568 வாற் எடுக்குது” என்றும் சொல்லக்கூடாது, ஆடலோட்டத்தில் (ஏசி) வோல்ற்றும் அம்பியரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராததால் வலுக் காரணி என்ற ஒன்று குறுக்கே வரும், உண்மை வலு பெருக்கத் தொகையை விடக் குறைவு. வயர் வெறும் தடை என்பதால் அண்ணையின் 256 சரி.

மாங்குளத்திலிருந்து:

நாங்கள் படித்த 90களில் வன்னிக்குக் கரண்டே இல்லை, பற்றரியும் தடைசெய்த பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட காலம். டைனமோ பல்ப்பில் 6 வோல்ற், 2.4 வாற் என்று பொறித்திருக்கும். கணக்குப்படி 0.4 அம்பியர், 15 ஓம். ரேடியோ திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோய் அளந்தால் மீற்றர் ஒன்றரை ஓம் என்றது! மீற்றர் பிழை என்று சண்டை பிடித்தேன். அவர் சிரித்துவிட்டு, “எரியேக்க அளந்து பார்” என்றார். எரிகிற இழை இரண்டாயிரம் பாகைக்கு மேல் சூடு, தடை பத்து மடங்கு ஏறிவிடும். எரியும்போது ஓம் மீற்றரைத் தொடுக்க முடியாது, வோல்ற்றையும் அம்பியரையும் எடுத்து வகுக்கத்தான் வேண்டும். டீச்சர், இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள், பாடமாக்குவதை விட நல்லது.

முழங்காவிலிலிருந்து:

என் கிணறு வீட்டிலிருந்து 200 மீற்றர். அதே ஒரு குதிரைவலு. 7/0.67 போதும் என்கிறார்கள்?

விசுவமடுவிலிருந்து:

7/0.67 என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர். போகவர 400 மீற்றருக்கு 3 ஓம் அளவு. ஓடும்போது 6 அம்பியருக்கு 18 வோல்ற் போகும், அதைச் சமாளிக்கலாம். ஆனால் கிளம்பும் நொடியில் மோட்டர் ஐந்து மடங்காவது கேட்கும். 30 அம்பியரை 3 ஓமால் பெருக்கினால் 90 வோல்ற், மிச்சம் 140 இல் மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும். 7/0.85 என்றால் 1.85 ஓம், இழப்பு 55 வோல்ற், பெரும்பாலும் கிளம்பிவிடும். உங்கள் பக்கம் பின்னேரத்தில் வோல்ற் விழுமென்றால் 7/1.04 ஐயும் விலை கேட்டுப் பாருங்கள். இடையில் மூட்டுப் போடாமல் ஒரே நீளமாக வாங்குங்கள். வோல்ற் அளக்கும்போது மல்ரிமீற்றரின் சிவப்பு வயர் அம்பியர் துளையில் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள், அந்தத் துளையில் இருந்தபடியே 230 இல் வைத்தால் மீற்றரோடு கையும் போகும்.