மிக்சரில் கெயினும் ஃபேடரும்: இரண்டும் எதற்கு?

புலியூர்_பஜனை:
திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு பஜனைக் குழுவுக்கு எட்டு சேனல் அனலாக் மிக்சர் ஒன்று பழசாக வாங்கியிருக்கிறோம். பாட மூன்று மைக், மிருதங்கத்துக்கு ஒன்று, கீபோர்டு ஒன்று. இதுவரை மைக்செட்காரர் பார்த்துக்கொண்டார், இனி நான்தான். ஒவ்வொரு சேனலிலும் மேலே திருப்புகிற கெயின், கீழே நகர்த்துகிற ஃபேடர், எதை ஏற்றினாலும் சத்தம் கூடுகிறது. அப்புறம் இரண்டு எதற்கு? நடுவில் இருக்கும் ஈக்யூ, ஆக்ஸ், பேன் எல்லாவற்றையும் எப்படி வைப்பது? மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் பாட வேண்டும், அதற்குள் பழகிவிட வேண்டும்.

முதுநகர்_சவுண்ட்:
தம்பி, கெயினை சத்தம் கூட்டுகிற குமிழாக நினைக்காதீர்கள். மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் இருக்கும் சின்ன சிக்னல், அதை மிக்சர் வேலை செய்யும் அளவுக்கு உயர்த்துவதுதான் கெயின். அது சேனலின் வாசலிலேயே இருப்பதால் அங்கே கெட்டது பின்னால் சரியாகாது. கெயின் அதிகமானால் சிக்னலின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும், ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் அதே கரகரப்பு சின்னதாகக் கேட்குமே தவிர போகாது. ரொம்பக் குறைத்துவிட்டு ஃபேடரைத் தூக்கினாலோ உஸ்ஸென்ற இரைச்சலும் சேர்ந்து வரும். பாடகரை உச்சஸ்தாயியில், மேடையில் எப்படிப் பாடுவாரோ அப்படியே பாடச் சொல்லி, பிஎஃப்எல் பொத்தானை (ஃபேடருக்கு முன்னால் உள்ள சிக்னலை மீட்டரில் காட்டுவது) அழுத்தி மீட்டரைப் பாருங்கள். 0 டெசிபல் பக்கம் ஆடட்டும், சிவப்பு பீக் லைட் எரியக் கூடாது. ஆளுக்கு ஆள் கெயின் வேறாகத்தான் வரும்.

வில்லியனூர்_மைக்செட்:
நான் பிஎஃப்எல் பார்ப்பதில்லை. ஃபேடரை 0 கோட்டில் வைத்துவிட்டு, வேண்டிய சத்தம் வரும்வரை கெயினை ஏற்றுவேன். ஃபேடர் 0 பக்கம் இருந்தால் விரல் நகரும் அளவுக்கு ஓரிரண்டு டெசிபல்தான் மாறும், அடியில் இருந்தால் அதே நகர்வுக்குச் சத்தம் தாறுமாறாகக் குதிக்கும். பாட்டு நடக்கும்போது கையில் இருப்பது ஃபேடர்தானே.

முதுநகர்_சவுண்ட்:
அந்த வழியும் சரிதான், ஆனால் பழகுகிறவருக்கு மீட்டர்தான் நல்லது. ஆம்ப்ளிபயரின் வால்யூம் குறைவாக இருந்தால் நீங்கள் கெயினைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடுவீர்கள், வெட்டுப்படுவது மைதானத்து இரைச்சலில் காதுக்குத் தெரியாது.

புலியூர்_பஜனை:
நன்றி அண்ணா. பாட்டு நடுவே கெயினைத் திருப்பினால் பாடகர் முன்னால் இருக்கும் மானிட்டரிலும் சத்தம் மாறுகிறது, ஃபேடரை நகர்த்தினால் மாறவில்லை. ஏன்?

முதுநகர்_சவுண்ட்:
ஆக்ஸ் என்பது சேனலின் சிக்னலை மானிட்டருக்கோ எகோவுக்கோ தனியாக அனுப்பும் குமிழ். உங்களுடையது 'ப்ரீ' (pre), அதாவது ஃபேடருக்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. மானிட்டருக்கு அதுதான் வேண்டும். வெளியே நீங்கள் ஏற்றி இறக்குவது பாடகர் காதுக்குப் போகக் கூடாது. எகோவுக்குப் போகிற ஆக்ஸ் 'போஸ்ட்' (post), அதாவது ஃபேடருக்குப் பின்னால் பிரிவதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஃபேடரை இறக்கிய பிறகும் எகோ மட்டும் தனியாக ஒலிக்கும். கெயின் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பதால், பாட்டு நடுவே அதை ஏற்றினால் மானிட்டர் கூவ ஆரம்பித்துவிடும். ஒருமுறை வைத்த பிறகு தொடாதீர்கள்.

வில்லியனூர்_மைக்செட்:
கடற்கரை என்பதால் ஒன்று சொல்கிறேன். லோ கட் பொத்தான் பெரும்பாலும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும். பாடுகிற மைக் மூன்றிலும் அதைப் போடுங்கள், காற்று மோதும் உறுமல் பெருமளவு குறையும், மைக்குக்கு ஃபோம் உறையும் மாட்டுங்கள். மிருதங்க மைக்கில் மட்டும் போடாதீர்கள், தொப்பியின் (தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தின்) கனம் போய்விடும். ஈக்யூவை, அதாவது ஒலியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஹை, மிட், லோ குமிழ்களை, எல்லாம் நடுவில் வைத்துத் தொடங்குங்கள், குரல் மூக்கால் பேசுவது போல் இருந்தால் மிட்டைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், ஹை, லோவை ஏற்ற ஓடாதீர்கள். ஏற்ற ஏற்ற கூவுவதும் பக்கத்தில் வரும். சத்தத்தை இடது, வலது ஸ்பீக்கருக்குப் பங்கிடும் பேன் எல்லாம் நடுவிலேயே இருக்கட்டும். பந்தலில் இந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு மிருதங்கம் கேட்காமல் போனால் என்ன பயன்?

புலியூர்_பஜனை:
கீபோர்டை எங்கே மாட்டுவது? 48 வோல்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதைப் போடணுமா?

முதுநகர்_சவுண்ட்:
கீபோர்டு லைன் இன்புட்டில், அதன் வால்யூமை முக்கால்வாசி வைத்துவிட்டு இங்கே கெயினைக் குறைவிலிருந்து தொடங்குங்கள். 48 வோல்ட், வேலை செய்ய மின்சாரம் தேவைப்படும் கண்டன்சர் மைக்குக்குத்தான், உங்களுடையது அது தேவைப்படாத டைனமிக் மைக் என்றால் வேண்டாம். எப்போதாவது போட நேர்ந்தால் ஃபேடர்களை எல்லாம் இறக்கிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் டப்பென்று அடிக்கும்.