பில் நம்பர் ரிப்பீட் ஆனால்: டேட்டாபேஸ் கன்ஸ்ட்ரெய்ன்ட் அனுபவங்கள்

மொத்த வியாபாரக் கடை ஒன்றின் பில்லிங் மென்பொருள் என் கைக்கு வந்தபோது, பில் நம்பர் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை முழுக்க ப்ரோகிராமிடம் இருந்தது. முதலில் செலக்ட் போட்டு அந்த நம்பர் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் இன்சர்ட் செய்யும். ஒரே கவுண்டர் இருந்தவரை ஓடியது. இரண்டாவது கவுண்டர் திறந்த பிறகு, இருவரும் ஒரே நேரத்தில் சேவ் அழுத்தினால் இருவருக்குமே "இல்லை" என்று பதில் வரும், இரண்டு பில்லும் ஒரே நம்பரில் பதிவாகும். ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி ஒரு நிதியாண்டுக்குள் பில் நம்பர் திரும்ப வரக்கூடாது. ரிட்டர்ன் தயாரிக்கும்போது ஆடிட்டர்தான் பிடித்தார்.

இந்த இடைவெளியை வெறும் இஃப் கண்டிஷனால் அடைக்க முடியாது. கடையின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, பில் நம்பர் மூன்றையும் சேர்த்து யூனிக் போட வேண்டும், அதாவது மூன்றும் ஒன்றாகத் திரும்ப வந்தால் டேட்டாபேஸே மறுக்கும் விதி (கன்ஸ்ட்ரெய்ன்ட்). ஆனால் பழைய டூப்ளிகேட் இருக்கும்வரை டேட்டாபேஸ் அதை ஏற்காது. வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்ட பில்லின் நம்பரை நம் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. அதனால் புதிய நிதியாண்டின் பில்களுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நிபந்தனையோடு ஒரு யூனிக் இன்டெக்ஸ் போட்டேன்.

அப்புறம், டூப்ளிகேட் வந்தால் டேட்டாபேஸ் தரும் எர்ரர். கச்சா ஆங்கில எர்ரரை அப்படியே திரையில் காட்டினால், பில் போடுகிறவர் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். யூனிக் மீறப்பட்டதைக் குறிக்கும் 23505 என்ற எர்ரர் எண்ணும், எந்தக் கன்ஸ்ட்ரெய்ன்ட் மீறப்பட்டது என்ற பெயரும் எர்ரரோடு தனித்தனியாகவே வருகின்றன. அவற்றை வைத்துதான் முடிவெடுக்க வேண்டும். எர்ரர் செய்தியின் வாசகத்தைத் தேடும் ப்ரோகிராம் வரிகளை எங்கே பார்த்தாலும் நீக்கிவிடுங்கள், சர்வரின் மொழி அமைப்பு மாறினால் வாசகமும் மாறும். கன்ஸ்ட்ரெய்ன்டுக்கு நாமே தெளிவான பெயர் வைப்பது இதற்காகத்தான்.

எர்ரர் எண் ஒன்றே ஆனாலும் பதில் ஒன்றல்ல. விற்பனை பில் நம்பர் மோதினால் பயனருக்குச் சொல்லவே தேவையில்லை, டிரான்சாக்‌ஷனை (ஒன்றாகச் சேமிக்கும் பதிவுகளின் தொகுப்பை) ரோல்பேக் செய்து, அதாவது பழைய நிலைக்குத் திருப்பி, அடுத்த நம்பரோடு மறுபடி முயன்றால் போதும். கொள்முதல் பில் மோதினால் கட்டாயம் சொல்ல வேண்டும்: "இந்த சப்ளையரின் இதே பில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது" என்று காட்டி, பழைய பதிவையும் பக்கத்திலேயே திறந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விடும்.

——

மறுமொழி: எக்செல் இம்போர்ட்டில் இதே போஸ்ட்கிரெஸ் எங்களைப் படுத்தியது. ஒரு வரியில் எர்ரர் வந்ததும் டிரான்சாக்‌ஷன் முழுவதும் முடங்கி, அடுத்து வந்த நல்ல வரிகளையும் ஏற்காமல் 25பி02 (டிரான்சாக்‌ஷன் ஏற்கெனவே தவறிவிட்டது) என்ற எர்ரரையே திருப்பியது. ப்ரோகிராமில் எர்ரரைப் பிடிக்கும் டிரை-கேட்ச் மட்டும் போதாது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சேவ்பாயின்ட் (திரும்பி வரக்கூடிய இடம்) வைத்துத் தவறினால் அதுவரை திரும்ப வேண்டும். டூப்ளிகேட்டைத் தாண்டிப் போவதுதான் நோக்கம் என்றால், போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் இருக்கிற, மோதினால் அந்த வரியை விட்டுவிடச் சொல்லும் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் எளிது.

——

மறுமொழி: மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சரிபாருங்கள். ஸ்டாக் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று டேபிள் ஸ்கிரிப்டில் செக் (மதிப்பைச் சரிபார்க்கும் கன்ஸ்ட்ரெய்ன்ட்) எழுதியிருந்தும், எங்களிடம் மைனஸ் ஸ்டாக் இருந்தது. மைஎஸ்கியூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் செக்கைப் படித்துவிட்டு, எச்சரிக்கைகூடத் தராமல் விட்டுவிடும். அப்போது சேமிக்கப்படாத விதி, பதிப்பை உயர்த்தினாலும் தானாக வராது. டேட்டாவைச் சரிசெய்து ஆல்டர் டேபிள் மூலம் நாமே சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, பில் உள்ள வாடிக்கையாளரை அழிக்கப் போனால் பில்லை வாடிக்கையாளரோடு இணைக்கும் ஃபாரின் கீ, எர்ரர் 1451 என்று தடுக்கும். நாங்கள் அங்கே "இவர் பெயரில் பில்கள் உள்ளன, செயலற்றவராக மாற்றட்டுமா?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் "ஆம்" என்றுதான் அழுத்துகிறார்கள்.