ராணுவம் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது? (நம் வீட்டுக் குழு)

கார்த்தி: நிலா, உன் எம்.ஏ. ஆய்வு ஆப்பிரிக்க ராணுவ ஆட்சிகளைப் பற்றியாமே, அம்மா சொன்னார்கள். மாலி, நைஜர் எல்லாம் செய்தியில் பார்த்தேன். மக்களே தெருவில் இறங்கிக் கைதட்டுகிறார்கள், அப்புறம் ஏன் அதைத் தடுக்க வேண்டும் என்கிறார்கள்?

நிலா: கைதட்டியது உண்மைதான் அண்ணா. கினியில் 2021 செப்டம்பர் 5 அன்று சிறப்புப் படைத் தளபதி மமாடி டும்பூயா அதிபர் ஆல்பா கோண்டேயைப் பிடித்து வைத்தபோது தலைநகர் கொனாக்ரியின் தெருக்களில் கொண்டாட்டம். ஆனால் அதற்கு முந்தைய வருடத்தைப் பாருங்கள். இரண்டு முறைக்கு மேல் அதிபராக முடியாது என்றிருந்த இடத்தில் 2020-ல் புது அரசியலமைப்புக்கு வாக்கெடுப்பு நடத்தி, மூன்றாம் முறையும் நின்று ஜெயித்தார் கோண்டே. எதிர்த்துப் போராடியவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பக்கத்து நாடுகள் அப்போது பெரிதாக எதிர்க்கவில்லை, சிப்பாய்கள் வந்த பிறகுதான் ஜனநாயகம் போச்சு என்று கூடினார்கள்.

செல்வி அத்தை: கோண்டே ஒரு காலத்தில் ஜனநாயகத்துக்காகச் சிறைக்குப் போனவர் இல்லையா?

நிலா: அவரேதான் அத்தை. அதனால்தான் மனசு ஆறவில்லை. டும்பூயாவும் தேர்தலில் நிற்க மாட்டேன் என்று உறுதி கொடுத்தார். 2025 செப்டம்பரில் அவரும் ஒரு புது அரசியலமைப்பைக் கொண்டுவந்து, டிசம்பரில் நின்று ஜெயித்துவிட்டார்.

ராமநாதன் சித்தப்பா: எல்லாவற்றுக்கும் மூன்றாம் முறைதான் காரணம் என்று எழுதிவிடாதே அம்மா. நைஜரில் பஸூம் 2021-ல் முறையாகத் தேர்தலில் வந்தவர், முதல் முறை அதிபர். 2023 ஜூலை 26 அன்று அவருடைய சொந்தக் காவல்படைத் தலைவர் சியானியே பிடித்து வைத்தார்.

நிலா: சரிதான் சித்தப்பா, அதைத் தனி அத்தியாயமாக வைத்திருக்கிறேன். புர்கினா பாசோ இன்னொரு மாதிரி. 2021 நவம்பரில் இனாட்டா என்ற இடத்தில் பயங்கரவாதிகள் தாக்கி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் காவல்படையினர். தாக்குதலுக்கு முன்பு இரண்டு வாரமாகச் சாப்பாடு வரவில்லை, ஆட்டைப் பிடித்து அறுத்துத்தான் சாப்பிடுகிறோம் என்று அந்த முகாமிலிருந்து மேலிடத்துக்குத் தகவல் போயிருக்கிறது. சிப்பாயைப் பட்டினி போட்ட அரசாங்கத்துக்கு எந்தச் சிப்பாய் காவல் நிற்பான்? 2022 ஜனவரியில் ராணுவ அதிகாரி டமிபா ஆட்சியைப் பிடித்தார், அதே வருடம் செப்டம்பரில் அவரையும் தள்ளிவிட்டு இன்னொரு ராணுவ அதிகாரி ட்ராவோரே வந்தார்.

கார்த்தி: பொருளாதாரத் தடை போட்டால் அடங்க மாட்டார்களா?

நிலா: நைஜருக்குப் போட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் எல்லையை மூடியது, நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது, ஒரு வாரத்தில் பஸூமை விடாவிட்டால் படை வரும் என்றார்கள். படை வரவில்லை. கஷ்டப்பட்டது சாதாரண ஜனங்கள். கடைசியில் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் கூட்டமைப்பை விட்டே 2025 ஜனவரியில் வெளியேறிவிட்டன. பஸூமை இரண்டு வருடத்துக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள்.

செல்வி அத்தை: அப்படியென்றால் எங்கேயுமே தடுக்க முடிந்ததில்லையா?

நிலா: முடிந்திருக்கிறது அத்தை! செனகலில் 2024 பிப்ரவரியில் அதிபர் மக்கி சால் தேர்தலைத் தள்ளிவைத்தார். இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசியலமைப்பு மன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது, மார்ச் 24 அன்று தேர்தல் நடந்து எதிர்க்கட்சி வேட்பாளர் ஃபாயே ஜெயித்தார். ராணுவம் முகாமை விட்டு நகரவில்லை. மன்றம் பணிந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ராமநாதன் சித்தப்பா: அதிபர்களே அரசியலமைப்பை வளைப்பதைத் தடுக்க, ஜனநாயகம், தேர்தல் பற்றிய ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 2007 சாசனத்தில் வழி உண்டா?

நிலா: உண்டு. ஆட்சி மாற்றத்தையே தடுக்கிற மாதிரி அரசியலமைப்பைத் திருத்துவதும் சட்டவிரோதம்தான் என்று 23-ஆம் பிரிவு சொல்கிறது. கோண்டே மீது அதை ஒருவரும் எடுக்கவில்லை. 2015-ல் எகோவாஸ் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு முறைதான் என்று விதி போடப் பார்த்தார்கள், காம்பியாவும் டோகோவும் எதிர்த்ததால் கைவிட்டார்கள். என் பரிந்துரையில் முதலில் அதைத்தான் எழுதப் போகிறேன், மறுபடியும் எடுங்கள் என்று.

கார்த்தி: டோகோவில் இன்னும் அதே குடும்பம்தானே?

நிலா: ஆமாம் அண்ணா, 1967-லிருந்து அப்பா, 2005-லிருந்து மகன். 2024-ல் அரசியலமைப்பையே மாற்றினார்கள், 2025-ல் கால வரம்பு இல்லாத புதுப் பதவியில் மகன் உட்கார்ந்துவிட்டார். இதற்கும் எந்தத் தடையும் இல்லை. நாளைக்கு அங்கே ராணுவ வண்டி வந்தால் மட்டும் எல்லோரும் அவசரக் கூட்டம் போடுவார்கள்.